செலவுப் பணம் எந்தக் கணக்கில், கட்டவேண்டிய பணம் எந்தக் கணக்கில்?

கேள்வி: என் கணவர் கோவையில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். பிடித்தம் போக 42,000 ரூபாய், மாதம் 7ஆம் தேதி அவருடைய வங்கிக் கணக்குக்கு வரும். நான் வீட்டிலேயே ரவிக்கை, சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். அதில் மாதத்துக்கு 6,000 முதல் 14,000 வரை கிடைக்கும். வீட்டுச் செலவு எல்லாமே அவர் கைப்பேசியிலிருந்து ஜிபேயில்தான் போகிறது. எனக்குத் தேவைப்படும்போது கேட்டால் 500, 1,000 என்று என் கணக்கில் போட்டுவிடுவார். ஜூலை 5ஆம் தேதி வண்டிக் கடன் தவணை 3,850, தனிநபர்க் கடன் தவணை 6,200 ஆகிய இரண்டும் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிவிட்டன. வங்கி ஒவ்வொன்றுக்கும் 590 ரூபாய் பிடித்தது, கடன் கொடுத்தவர்கள் தனியாக அபராதம் போட்டார்கள். என் செயினை 20,000 ரூபாய்க்கு அடகு வைத்துக் கட்டியதில் 8,000 மிச்சம் இருக்கிறது. நாங்கள் ஆடம்பரமாகச் செலவு செய்பவர்கள் இல்லை. இரண்டு கணக்கு வைத்துக்கொண்டால் இது சரியாகுமா? கேட்டால் என் கணவர், “வீட்டுக்குள்ளயே பூட்டுப் போடறியா?” என்கிறார். வங்கியில் கடன் அட்டை தருவதாகச் சொல்கிறார்கள், அதை வாங்கலாமா? மாதக் கணக்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய மாதக் கணக்கை வரி வரியாகக் கூட்டிப் பார்த்தேன். அதில் ஊதாரித்தனம் என்று விரல் வைத்துக் காட்டும்படி ஒரு வரிகூட இல்லை. செயினை அடகுக் கடையில் வைத்துவிட்டு வந்த இரவில் உங்கள்மீதே உங்களுக்கு வருத்தம் இருந்திருக்கும், அது வேண்டாம். இரண்டு கணக்கு வைத்துக்கொண்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாகும். ஆனால் எந்தப் பணத்தை எந்தக் கணக்குக்குக் கொண்டுபோவது என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். ஆகவே அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 8ஆம் தேதி காலையை எடுத்துக்கொள்வோம். முந்தைய நாள் சம்பளம் 42,000 வந்துவிட்டது, வீட்டு வாடகை 9,500 ரூபாயை அனுப்பியாயிற்று, கைப்பேசியில் இருப்பு 32,500 என்று தெரிகிறது. அந்த எண்ணைப் பார்க்கும் யாருக்கும் மனம் கொஞ்சம் தளரத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கலாம், குழந்தைக்குக் கேட்டுக்கொண்டிருந்த செருப்பை எடுத்துவிடலாம் என்று தோன்றுவதில் குற்றம் எதுவும் இல்லை. இப்போது அந்த 32,500 ரூபாய்க்குள் இருக்கும் பிறருடைய பணத்தைப் பார்ப்போம். இரண்டு கடன் தவணைக்கு 10,050, பால் அட்டைக்கு 1,500, சமையல் எரிவாயு சிலிண்டருக்கு 900, கைப்பேசிக்கும் இணையத்துக்கும் 1,400, பள்ளி வேனுக்கு 1,800 என்று மாதந்தோறும் போவது 15,650. இதுவாவது கண்ணுக்குத் தெரிகிற செலவு. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2,200, இரு குழந்தைகளுக்கும் சேர்த்துப் பருவத்துக்கு 14,000 வீதம் மூன்று பருவப் பள்ளிக் கட்டணம், எல்ஐசி பிரீமியம் அரையாண்டுக்கு 6,600, வண்டிக் காப்பீடு ஆண்டுக்கு 1,800, தீபாவளித் துணிமணிக்கும் குலதெய்வம் கோயில் போய்வரவும் ஆண்டுக்கு 24,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இவற்றைக் கூட்டினால் ஆண்டுக்கு 94,200 வருகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 7,850. பள்ளிக்கூடம் ஜூனில்தான் கேட்கும், எல்ஐசி டிசம்பரில்தான் கேட்கும் என்றாலும், ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் அவற்றுக்கு 7,850 ரூபாய் பங்கு இருக்கிறது.

15,650, 7,850 இரண்டும் சேர்ந்தால் 23,500 ஆகிறது. அப்படியானால் அந்தக் காலையில் கைப்பேசி காட்டிய 32,500 ரூபாயில் நீங்கள் செலவு செய்யக்கூடியது 9,000 மட்டுமே. திரையில் இருந்த எண் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதி உண்மையைத்தான் சொன்னது. தேநீர்க் கடையில் நாற்பது ரூபாய்க்கு ஸ்கேன் செய்தவுடன் கடைக்காரருடைய ஒலிப்பெட்டி தொகையை உரக்கச் சொல்கிறது. இருப்பு 32,500லிருந்து 32,460 ஆகிறது. அந்த நாற்பது ரூபாய் யாருக்கும் உறைக்காது. அதே நாற்பது ரூபாய் 650லிருந்து கழிந்து 610 என்று தெரிந்தால், அடுத்த முறை ஸ்கேன் செய்வதற்கு முன் கை ஒரு நொடி நிற்கும். செலவுப் பணத்தைப் பிரித்து வைப்பதன் பயன் இதுதான். மனத்தை அடக்கும் பயிற்சி எதுவும் இதற்குத் தேவையில்லை. கண்ணில் படுகிற எண் உண்மையான எண்ணாக இருந்தால் போதும்.

நான் வங்கிக் கிளையில் பணியாற்றிய காலத்தில் மாதந்தோறும் ஓர் ஆசிரியை சம்பளம் எடுக்க வருவார். பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு போகமாட்டார். இத்தனை நூறு, இத்தனை ஐம்பது, இத்தனை பத்து என்று தாளில் எழுதி வந்து கேட்டு வாங்கி, அங்கிருந்த மரப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளில் பிரித்துப் போடுவார். மூலையில் மஞ்சள் தடவிய அந்த உறைகளின்மேல் வாடகை, பால், சீட்டு, பள்ளிக்கூடம் என்று பென்சிலால் எழுதியிருக்கும். எல்லா உறையும் கைப்பையின் அடியில் போனபின், மிஞ்சியதை மட்டும் சின்ன மணிபர்ஸில் வைத்துக்கொண்டு எழுந்து போவார். சம்பளம் ரொக்கமாகக் கைக்கு வந்தவரை நம் வீடுகளில் பெண்கள் கடுகு டப்பாவிலும் பருப்பு டப்பாவிலும் செய்ததும் இதைத்தான். சம்பளம் வங்கிக்கு வரத் தொடங்கி, 2016ஆம் ஆண்டு யுபிஐ வந்து, கைப்பேசியே மணிபர்ஸாக மாறியபோது, எல்லா உறையிலும் இருந்த பணம் ஒரே உறைக்குள் கொட்டப்பட்டுவிட்டது. நீங்கள் இப்போது செய்யவேண்டியது அந்த உறைகளைத் திரும்பக் கொண்டுவருவது.

இனி எதை நகர்த்துவது என்ற கேள்விக்கு வருகிறேன். புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி, கட்டவேண்டிய பணத்தை அதில் போட்டுவைப்போம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டு கடனுக்கும் கொடுத்திருக்கும் ஈசிஎஸ் ஆணையை, அதாவது தவணையை வங்கி தானாகவே பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்த அனுமதியை, மாற்றவேண்டியிருக்கும். அதற்குக் கடன் கொடுத்த இரண்டு நிறுவனங்களிலும் புதிய ஆணைப் படிவம், ரத்து செய்த காசோலை என்று கொடுத்து, அது பதிவாகும்வரை காத்திருக்கவேண்டும். இடையில் தவணை நாள் வந்தால், எந்தக் கணக்கில் பிடிப்பார்கள் என்று தெரியாமல் இரண்டிலும் பணம் வைத்திருக்க நேரும். ஆகவே கட்டவேண்டிய பணத்தை அசைக்காதீர்கள். சம்பளம் வரும் கணக்கையே பில் கணக்காக இருக்கவிட்டு, செலவுப் பணத்தை வெளியே எடுங்கள். யுபிஐ செயலியில் கணக்கை மாற்றுவது பத்து நிமிட வேலை, ஈசிஎஸ் ஆணையை மாற்றுவது பல வார வேலை. எளிதில் மாறக்கூடியதை மாற்றுவதுதான் முறை. சம்பளக் கணக்கில் குறைந்தபட்ச இருப்புத் தொல்லை பெரும்பாலும் இருக்காது என்பதும் இதில் ஒரு வசதி.

உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு அதுவே போதும். உங்கள் கணவருக்கு மட்டும் அவர் பெயரில் இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கவேண்டும். செலவுக் கணக்கு என்பது வாரக் கடைசியில் ஏறக்குறைய காலியாகப் போகும் கணக்கு. ஆகவே குறைந்தபட்ச இருப்பு கேட்காத வங்கியாகப் பார்த்துத் தொடங்குங்கள். பாரத ஸ்டேட் வங்கி 2020ஆம் ஆண்டே சேமிப்புக் கணக்குகளுக்கு அந்த அபராதத்தை நீக்கிவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்ற வேறு சில பொதுத்துறை வங்கிகளும் 2025ஆம் ஆண்டில் நீக்கின. எந்த வங்கியாக இருந்தாலும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இந்தத் திட்டம் முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும் ஆணி. உங்கள் கணவருடைய கைப்பேசியில் உள்ள எல்லா யுபிஐ செயலிகளிலிருந்தும் சம்பளக் கணக்கை நீக்கிவிடவேண்டும். ஒரே கணக்கை ஜிபேயிலும் போன்பேயிலும் பேடிஎம்மிலும் இணைத்திருப்பது வழக்கம் என்பதால், ஒன்றில் நீக்கிவிட்டு மற்றதை மறந்துவிடக்கூடாது. நீக்குவதற்கு முன் ஒவ்வொரு செயலியிலும் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஏதாவது படச் சந்தா மாதாமாதம் அதிலிருந்து போய்க்கொண்டிருக்கலாம். வேண்டாததை அங்கேயே ரத்து செய்துவிட்டு, வேண்டியதைப் புதிய கணக்கில் பதிவு செய்துகொள்ளுங்கள். இணையக் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் அந்தக் கணக்கின் டெபிட் அட்டையையும் நீக்கிவிட்டு, அட்டையைப் பீரோவில் வைத்துவிடுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம் முதலியவற்றை நெட் பேங்கிங் வழியாக அனுப்பலாம். அதற்குக் கடவுச்சொல், ஓடிபி என்று இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த இரண்டு நிமிடத் தாமதம் இருக்கட்டும், உங்கள் பணத்துக்கு அதுவே வேலி.

செலவுப் பணம் எவ்வளவு என்று முடிவு செய்வதில் ஒரு கண்டிப்பு தேவைப்படுகிறது. உங்கள் தையல் வருமானத்தைக் கணக்கில் சேர்க்கும்போது, கிடைக்கும் மாதங்களிலேயே குறைவான மாதத்துத் தொகையான 6,000 ரூபாயை மட்டும் சேருங்கள். சராசரி போட்டு 10,000 என்று எழுதிக்கொண்டால், முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம் உங்களை ஏமாற்றிவிடும். சம்பளத்தில் மிஞ்சும் 9,000, தையலில் 6,000, ஆக மொத்தம் 15,000 ரூபாய் உங்கள் மாதச் செலவுப் பணம். இதில் 5,000 ரூபாயைச் சம்பளம் வந்த மறுநாளே பலசரக்குக்கு எடுத்துவிடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் ஒரே பட்டியலாக வாங்கி முடித்துவிட்டால், மாதம் முழுவதும் கடைக்குப் போய் ஒன்று வாங்கப்போன இடத்தில் நான்கு வாங்கும் பழக்கம் தானாகக் குறையும்.

மீதி 10,000 ரூபாயை வாரத்துக்கு 2,200 வீதம் நான்கு வாரத்துக்குப் பிரியுங்கள். மாதம் என்பது நான்கு வாரத்துக்கு மேல் இரண்டு மூன்று நாள் நீளும் என்பதை மறந்துவிடுவதால்தான் பலர் கடைசி நாள்களில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த நாள்களுக்கு 1,200 தனியே இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை பத்தாயிரத்தை மொத்தமாகச் செலவுக் கணக்குக்கு மாற்றிவிட்டால், 32,500 செய்த அதே வேலையைப் பத்தாயிரமும் செய்யும். அதனால்தான் வாரக்கணக்கை வலியுறுத்துகிறேன். சம்பளக் கணக்கிலிருந்து திங்கள்கிழமைதோறும் 1,000 ரூபாய், 650 உங்கள் கணவருடைய செலவுக் கணக்குக்கும் 350 உங்கள் கணக்குக்குமாக, தானாகப் போகும்படி நெட் பேங்கிங்கில் முன்கூட்டியே பதிவு செய்துவிடலாம். வாரத்து 2,200 ரூபாயில் மீதி 1,200 தையல் பணத்திலிருந்து உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். வாரத்து 2,200 ரூபாயில் 650 உங்கள் கணவருக்கு என்று வைத்துக்கொண்டால், அதில் பெட்ரோலுக்கு 400, அவருடைய கைச்செலவுக்கு 250. உங்களிடம் இருக்கும் 1,550 ரூபாயில் 250 உங்கள் கைச்செலவு, மற்றது காய்கறி, கறி, மாத்திரை, ஆட்டோ ஆகியவற்றுக்கு. இது இறுக்கமான கணக்குத்தான். அதை மறைக்க நான் விரும்பவில்லை. தனிநபர்க் கடன் ஓடும்வரை இந்த இறுக்கம் இருக்கும், முடியும் மாதத்தில் 6,200 ரூபாய் விடுபடும்.

கைச்செலவு 250 ரூபாய்க்குக் கணக்குக் கேட்கக்கூடாது என்பதை நீங்கள் இருவரும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் நண்பரோடு தேநீர் குடித்தாலும், நீங்கள் ஒரு முழம் பூ வாங்கினாலும், சேர்த்துவைத்துச் சிறுவாடு பிடித்தாலும் அது அவரவர் உரிமை. உங்கள் கணவர் கேட்ட கேள்விக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. இதுவரை நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் அவரிடம் 500, 1,000 என்று கேட்டு வாங்கிக்கொண்டிருந்தீர்கள். புதிய முறையில் யாரும் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. பூட்டு என்று பார்த்தால், அது தவணைப் பணத்துக்குப் போட்ட பூட்டே தவிர அவருக்குப் போட்டது அன்று. இந்தப் பதிலை அவரிடம் படித்துக் காட்டுவதைவிட, 32,500 ரூபாயில் 23,500 யார் யாருக்குப் போகிறது என்பதை ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்போது அவரே கணக்கைப் பிரிக்கச் சொல்வார் என்று நம்புகிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த பல வீடுகளில் பேச்சால் முடியாதது அந்தத் தாளால் முடிந்திருக்கிறது.

யுபிஐ லைட் என்ற வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். செயலிக்குள்ளேயே ஒரு சிறு பணப்பை போல, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை போட்டுவைத்து, ரகசிய எண் இல்லாமலே ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை கொடுக்கலாம். வாரக் கைச்செலவு 250 ரூபாயை அதில் போட்டு அது தீரும்வரை செலவழிப்பது நல்ல பழக்கம். ஆனால் பணம் குறைந்தவுடன் தானாகவே நிரப்பிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இயக்கிவிடாதீர்கள். தானாக நிரம்பும் பணப்பைக்கு அடியே கிடையாது.

பில் கணக்கில் மாதந்தோறும் தங்கும் 7,850 ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அந்தக் கணக்கின் இருப்பு சில மாதங்களில் பெரிய தொகையாகத் தெரியும்போது, அதில் எது எதற்கு என்பதைச் சொல்ல அந்த நோட்டு ஒன்றுதான் இருக்கும். இந்தப் பணத்தை நகைக் கடைச் சீட்டிலோ தெரிந்தவர் நடத்தும் சீட்டிலோ போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பள்ளிக்கூடம் கேட்கும் தேதியில் கையில் இருக்கவேண்டிய பணம் இது. நகைச் சீட்டு நகையாகத்தான் திரும்பி வரும், ஏலச் சீட்டு எந்த மாதம் உங்களுக்கு விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

மின் கட்டணம் 2,200 என்று எழுதியிருப்பதால் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் பில்லில் யூனிட் எவ்வளவு என்று பாருங்கள், 500ஐ ஒட்டி இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை. 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தக் குறைந்த விலை போய்விடும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கமுடிந்தால் பில்லில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தொடங்கும் ஆண்டில் ஒரு சிக்கல் வரும். அதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், அக்டோபரில் நீங்கள் இந்த முறையையே கைவிட்டுவிடுவீர்கள். பன்னிரண்டால் வகுத்துச் சேர்ப்பது முழு ஆண்டு ஓடியவர்களுக்குத்தான் கச்சிதமாக அமையும். நீங்கள் ஆகஸ்ட் 7ஆம் தேதி தொடங்கினால், அக்டோபர் சம்பளம் வரை மூன்று முறை 7,850 சேர்ந்து 23,550 ஆகும். ஆகஸ்டிலும் அக்டோபரிலும் மின் கட்டணம் 4,400, இரண்டாம் பருவக் கட்டணம் 14,000 கட்டியபின் மிஞ்சுவது 5,150 மட்டுமே. தீபாவளியோ அடுத்த வாசலில் நிற்கும். உங்கள் கணவருக்குத் தீபாவளியை ஒட்டி போனஸ் வருவதாக இருந்தால், இந்த ஆண்டு அது பில் கணக்கைவிட்டு வெளியே வராமல் அந்தப் பள்ளத்தை நிரப்பட்டும். போனஸ் இல்லையென்றால் இந்தத் தீபாவளிக்குக் குழந்தைகளுக்கு மட்டும் புதுத்துணி என்று இருவரும் கூடிப் பேசி முடிவெடுங்கள், குலதெய்வம் கோயிலுக்குப் போவதை மாசிக்குத் தள்ளிவையுங்கள். பருவக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டப் பள்ளியில் கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை. அடுத்த ஆகஸ்டுக்குள் கணக்கு தன் ஓட்டத்துக்கு வந்துவிடும்.

இப்போதைக்கு அவசரமானது ஆகஸ்ட் 5ஆம் தேதி. அன்றைக்கு 10,050 வேண்டும். அடகுப் பணத்தில் மிஞ்சிய 8,000 ரூபாயை இன்றைக்கே சம்பளக் கணக்கில் போட்டுவிட்டு, கைப்பேசியிலிருந்து அந்தக் கணக்கை நீக்கிவிடுங்கள். மீதி 2,050 இந்த மாதத் தையலில் வந்ததும் சேர்த்துவிடுங்கள். ஈசிஎஸ் பிடித்தம் பல நேரங்களில் அதிகாலையிலேயே நடந்துவிடும், ஆகவே 5ஆம் தேதி காலையில் போட்டால் ஆயிற்று என்று இருக்காமல், 4ஆம் தேதி மாலைக்குள் முழுத் தொகையும் கணக்கில் இருக்கட்டும்.

உங்கள் தவணைகள் திரும்பியதற்கு அந்தத் தேதியும் ஒரு காரணம். சம்பளம் 7ஆம் தேதி, தவணை 5ஆம் தேதி என்றால், தவணைப் பணம் ஏறக்குறைய நான்கு வாரம் கைப்பேசிக்கு எட்டும் தூரத்தில் சும்மா இருந்து, மாதத்தின் மிக வறண்ட நாளில் தேவைப்படுகிறது. இரண்டு நிறுவனங்களுக்கும் எழுத்தில் விண்ணப்பித்து, தவணைத் தேதியை 10ஆம் தேதி வாக்கில் மாற்றித் தரக் கேளுங்கள். எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்லமுடியாது, ஆனால் கேட்டதால் எந்த நட்டமும் இல்லை. மாற்றித் தராவிட்டாலும் பணம் தனியாக இருக்கும்வரை தேதி உங்களை ஒன்றும் செய்யாது. தவணை மறுபடி திரும்பவிடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு 590 ரூபாய் மட்டும் காரணம் இல்லை. பணம் இல்லாமல் ஈசிஎஸ் திரும்புவதை, காசோலை திரும்புவதைப் போலவே குற்றமாகக் கருத 2007ஆம் ஆண்டுப் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தருகிறது. நீங்கள் உடனே கட்டிவிட்டதால் அஞ்சவேண்டியதில்லை. தாமதம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க விரும்பினால், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்ற விதி இருக்கிறது. உங்கள் கணவர் பெயரில் அதை எடுத்துப் பாருங்கள்.

கடன் அட்டை இப்போது வேண்டாம். உங்கள் தொல்லையே, இல்லாத பணம் இருப்பதாகத் தோன்றியதிலிருந்துதான் வந்தது. கடன் அட்டை அந்தத் தோற்றத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். தனிநபர்க் கடன் முடிந்து, ஓராண்டு எந்தத் தவணையும் திரும்பாமல் ஓடியபின் வேண்டுமானால் யோசிக்கலாம்.

கடைசியாக உங்கள் செயின். தையலில் 6,000 ரூபாய்க்கு மேல் வருவதெல்லாம் மாதச் செலவுக்குள் வராத பணம் என்பதால், அதற்கு ஒரு வரிசை போட்டுவிடலாம். முகூர்த்த மாதங்களில் மொய் வைப்பதைத் தவிர்க்கமுடியாது, முதலில் அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் காய்ச்சல், பல்வலி என்று வந்தால் அதற்கு. மற்றது முழுவதும் அடகுக் கடைக்குப் போகட்டும். 20,000 ரூபாயும் சேரும்வரை காத்திராமல், 2,000, 3,000 என்று கையில் வரும்போதெல்லாம் அசலில் பகுதியாகக் கட்ட அனுமதிப்பார்களா என்று கடையில் கேளுங்கள். அனுமதித்தால் வட்டி அந்த அளவுக்குக் குறையும். கட்டும் ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கி, மீதி அசல் எவ்வளவு என்பதை அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரமும் பிறகு தை மாத முகூர்த்தங்களும் உங்கள் தையல் இயந்திரம் ஓயாத காலம். அந்த இரண்டு பருவ வருமானத்தையும் இந்த வரிசையிலேயே விட்டுவைத்தால், பங்குனிக்குள் செயின் உங்கள் கழுத்துக்கு வந்துவிடும் என்பது என் கணக்கு. ஆகஸ்ட் 7 முதல் மூன்று மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, எந்த வாரத்தில் 2,200 போதவில்லை, எதற்குப் போதவில்லை என்று குறித்து மறுபடி எழுதுங்கள். அந்தக் குறிப்பு கையில் இருந்தால் தொகையைத் திருத்தித் தருகிறேன்.